புளி போட்டுத் தேய்க்காதீர்கள், ஆச்சி

கேள்வி:

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் மாமனாரின் ஐயா கட்டிய வீடு, நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்குப் பொதுவான வீடு. இப்போது குடியிருப்பது நான் மட்டும்தான். போன மாதம் பின்கட்டுக்கு அப்பால் தோட்டத்தில் தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டச் சொன்னேன். மூன்றடி போனதும், வேலைக்கு வந்த பெரியவரின் கடப்பாரை பட்டு ஒரு சின்ன மண் கலயம் உடைந்தது. உள்ளே 43 வெள்ளிக் காசு. ஒரு பக்கம் ஆண் தலை, மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருக்கிறது. சில காசில் அந்தத் தலையின்மேல் யாரோ வெட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் போட்டோவைப் பார்த்துவிட்டு ரோமானியக் காசு என்கிறான். அடுத்த முறை வரும்போது எடுத்துப்போய் விசாரிக்கிறானாம். ஊரில் ஒருவர், "நல்லதாக ஐந்து மட்டும் கொடுங்கள்" என்று விலைக்குக் கேட்கிறார். கலெக்டரிடம் கொடுத்தால் திரும்பி வராது என்று பங்காளிகள் பயமுறுத்துகிறார்கள். எங்கள் முன்னோர் பூம்புகாரிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்ததாக இருக்குமா? ஐந்து காசைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கினேன், பளிச்சென்று ஆகிவிட்டது. மீதியையும் விளக்கலாமா? உடைந்த கலயத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

பதில்:

ஆச்சி, முதலில் அந்தப் புளியைக் கீழே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

குத்துவிளக்கையும் பித்தளை அண்டாவையும் விளக்கிப் பழகிய கை, காசைப் பார்த்ததும் சும்மா இருக்காது. அது தெரிந்ததுதான். ஆனால் மண்ணுக்குள் கிடந்த வெள்ளி வேறு. அதன் மேல்தோல் காலப்போக்கில் உப்பாக மாறியிருக்கும். அதில் கலந்திருக்கும் செம்பு பச்சையாக வெளியே கசிந்திருக்கும். தலைமுடியின் கோடு, காது மடல், எழுத்தின் விளிம்பு இவையெல்லாம் பல நேரம் அந்த மாறிய தோலில்தான் மிஞ்சியிருக்கும். புளி தோலைக் கரைக்கும், சாம்பல் மிச்சத்தைச் சுரண்டும். பளிச்சென்று ஆனது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த ஐந்து காசிலும் முகத்தில் மூக்கு மழுங்கியிருக்கிறது. பக்கத்தில் உள்ள அழுக்குக் காசில் மூக்கு கூராக நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும்.

உங்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சதுரச் செப்புக்காசில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் அவசரத்தில் எலுமிச்சம்பழம் தேய்த்தேன். முன்பக்க யானை நன்றாகத் தெரிந்தது. பின்பக்கம் லேசாகத் தெரிந்துகொண்டிருந்த பாண்டியர் மீன் என் விரலுக்குக் கீழேயே கரைந்து போனது. அதைப் பதிவேட்டில் எழுதும்போது மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். இன்றைக்கும் எலுமிச்சம்பழம் பிழியும்போது அந்த மீன் ஞாபகம் வரும்.

விளக்கிய ஐந்தையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, புளிப்பு போனதும் நிழலில் உலர்த்துங்கள். துடைக்க வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும். மீதி 38 காசையும் மண்ணோடு அப்படியே விடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி காகித உறையில் போட்டு எண் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். எண்ணெய், விபூதி, பற்பசை, எதுவும் வேண்டாம்.

சரி, இது ரோமானியக் காசுதானா?

கையில் எடுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. படத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் சொன்னது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தலையைச் சுற்றி ஓர் இலைமாலை, அதன் நாடா பிடரியில் முடிந்து தொங்குகிறது. மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஒரு கையில் நீளமான கோல், இன்னொரு கையில் இலைக்கொத்து. எழுத்தில் 'யு' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'வி' இருக்கிறது, லத்தீனில் அப்படித்தான் செதுக்குவார்கள். இது ரோமானியப் பேரரசர் தைபீரியஸின் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு போலத் தெரிகிறது. அவர் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. இந்த வகைக் காசை அடித்த ஊர் இன்றைய பிரான்சில் இருக்கும் லியோன். தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானிய வெள்ளியில் இதுவும், அதற்கு முந்தைய அகஸ்டஸ் காசு ஒன்றும்தான் திரும்பத் திரும்ப வருபவை. அகஸ்டஸ் காசில் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் நடுவில் கேடயங்களையும் ஈட்டிகளையும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். உங்கள் 43இல் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சின்னச் சோதனை வீட்டிலேயே செய்யலாம். பழைய எஃகு நாலணாக் காசு ஒன்று எங்காவது டப்பாவில் கிடக்கும். அதன்மேல் இதை வைத்தால் அளவு ஏறக்குறைய சரியாக இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசில் போட்டால் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவாக, மூன்றரைக் கிராமுக்கு மேல் நான்கு கிராமுக்குள் நிற்க வேண்டும். எழுத்துகள் அர்த்தமில்லாமல் கோடும் வட்டமுமாக இருந்தால் பதற வேண்டாம். ரோமானியக் காசைப் பார்த்து இந்தியாவிலேயே அடித்த நகல்கள் உண்டு, அவையும் பழையவைதான்.

சோதனையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என்னிடம் வந்த 'ரோமானியப் புதையல்'களில் பாதி ரோமானியம் இல்லை. ஒருபக்கம் அம்மனும் மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்தும் உள்ள புதுக்கோட்டை அம்மன் காசு வரும், கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு வரும். ஒரு தடவை ஒருவர் கைக்குட்டையில் பத்துத் தங்கக் காசை முடிந்து கொண்டுவந்தார். குதிரைமேல் தலைக்கவசத்தோடு வீரன், காலடியில் பாம்பு மாதிரி ஒரு விலங்கு, மறுபக்கம் லத்தீன் எழுத்து. "சீசர் காலத்துப் பவுன்" என்றார். பவுன்தான், சந்தேகமில்லை. விக்டோரியா மகாராணியின் ஸவரன், குதிரைக்குக் கீழே 1900 என்று வருடமே அச்சாகியிருந்தது. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன அவர் வீட்டுப் பெரியவர் யாரோ புதைத்திருக்க வேண்டும். பாவம், அவர் முகம் விழுந்துவிட்டது. தங்கம் தங்கம்தானே என்று தேற்றி அனுப்பினேன்.

இன்னொரு வேடிக்கை, ஸவரனின் எடை எட்டுக் கிராமுக்கு ஒரு நூல் குறைவு. அகஸ்டஸ் காலத்துத் தங்கக் காசும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தராசை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடலாம்.

தலைமேல் வெட்டு இருக்கிறது என்றீர்களே, அதைப் படித்ததும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்கள் ஊருக்கு ரொம்பத் தூரமில்லை, அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், ஆலங்குடிப் பக்கத்துக் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு. அதில் ஒரு பங்கு இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. உள்ளே செம்பு வைத்து ஏமாற்றுகிறார்களா என்று சோதித்தது என்பார்கள் சிலர். இது இனிக் காசாகச் செல்லாது, எடைக்கு மட்டும்தான் என்று குறி வைத்தது என்பார்கள் சிலர். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. சோதனைக்கு வெட்டுகிறவர் விளிம்பில் வெட்டினால் போதும், முகத்தைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் காசில் வெட்டு எத்தனையில் இருக்கிறது, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விளக்கிய ஐந்தில் வெட்டின் விளிம்பும் மழுங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

இப்போது அந்த 'நல்லதாக ஐந்து' கேட்கும் ஆளிடம் வருகிறேன்.

கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே இடத்தில் 500க்கு மேல் வெள்ளிக் காசு கிடைத்தது. பெரும்பகுதி அகஸ்டஸ், தைபீரியஸ். ஆனால் அவர்களுக்குப் பின் வந்த பேரரசர்களின் காசும் கொஞ்சம் கலந்திருந்தது. அந்தக் கொஞ்சம்தான் முக்கியம். தைபீரியஸ் காசு இருக்கிறது என்பதற்காக தைபீரியஸ் காலத்தில் புதைத்ததாக ஆகிவிடாது. கி.பி. 64இல் நீரோ தெனாரியஸின் எடையையும் வெள்ளியின் சுத்தத்தையும் குறைத்துவிட்டார். எடை பார்த்து வாங்குகிற வியாபாரி பழைய நல்ல காசைத்தானே பிடித்து வைப்பார்? அதனால் புழக்கத்தில் பழையது ரொம்ப நாள் நின்றிருக்கலாம். ஒரு கலயத்தை எப்போது மூடினார்கள் என்பதை அதற்குள் இருக்கும் கடைசிக் காசுதான் சொல்லும். உங்கள் 43இல் 42 தைபீரியஸாக இருந்து ஒன்று மட்டும் கிளாடியஸாகவோ நீரோவாகவோ இருந்தால், கலயத்தின் வயதே அந்த ஒன்றின் கையில்தான். அந்த ஒன்று பார்க்க வித்தியாசமாக இருக்கும். விலைக்குக் கேட்பவர் முதலில் பொறுக்குவது அதைத்தான்.

சட்டமும் அவருக்கு இடம் தராது. நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள், உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக்கூடாது. சிங்கப்பூர் விஷயமும் அதே கதை. தொல்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு எடுத்துப் போவது குற்றம், ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை. பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், விசாரிக்க வேண்டுமானால் படத்தை வைத்து விசாரிக்கட்டும்.

காசைவிட எனக்குக் கவலை அந்தக் கலயம்தான். குப்பை இன்னும் அள்ளப்படவில்லை என்றால் இன்றைக்கே போய்ப் பொறுக்குங்கள். கழுவாமல், ஒட்டிய மண்ணோடு ஒவ்வொரு ஓடும் வேண்டும். உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா, மேலே ஏதாவது கீறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலயத்துக்குள் இருந்த மண்ணையும் குழியிலிருந்து அள்ளிப் போட்ட மண்ணையும் மாவுச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். துணி நூல், மணி, கரி எது வந்தாலும் தனியாகப் பொட்டலம் கட்டி வையுங்கள்.

ஓட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் ஃப்ரோம் என்ற ஊரில் 2010இல் ஒருவர் வயலில் ரோமானியக் காசுப் பானையைக் கண்டுபிடித்தார். வாயைப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு ஆள் கூப்பிட்டார். வந்தவர்கள் பானைக்குள் இருந்ததை அடுக்கு அடுக்காக எடுத்தார்கள், மொத்தம் 52,503 காசு. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்த உண்டியலாக இருந்தால் புதுக் காசு மேலே இருக்க வேண்டும். அங்கே புதுக் காசின் பெரிய கூட்டம் பாதிக்கும் கீழே கிடந்தது. ஆக, ஒரே தடவையில் கொட்டியது. பானையோ மெல்லிய ஓடு, அவ்வளவு கனத்தைத் தூக்கி வந்திருக்க முடியாது. அதை முதலில் குழியில் இறக்கிவிட்டுத்தான் காசை ஊற்றியிருக்கிறார்கள். யாரோ ஒளித்து வைத்ததா, சாமிக்குக் கொடுத்ததா என்ற கேள்வியே இப்படித்தான் எழுந்தது. அந்த மனிதர் ஆசைப்பட்டு அள்ளியிருந்தால் இது ஒன்றும் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டில் கடப்பாரை முந்திக்கொண்டது, என்ன செய்ய? மிஞ்சியதைக் காப்பாற்றுவோம்.

குழியை இப்போதைக்கு மூடாதீர்கள். மழை வந்தால் தகரம் போட்டு மறையுங்கள். தென்னங்கன்று பத்தடி தள்ளி நிற்கட்டும். இன்னும் தோண்டினால் இன்னும் கிடைக்கும் என்று யாராவது இரவில் வந்து யோசனை சொல்வார்கள். வேண்டாம்.

பூம்புகார் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் காசுக்கு வாய் கிடையாது. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தார்கள் என்பது உங்கள் குல வரலாறு. இந்தக் காசு எந்த வழியாக வந்தது என்பது வேறு கணக்கு. வைகை கடலில் சேரும் இடத்து அழகன்குளத்தில் ரோமானியக் காசும் மது ஜாடித் துண்டுகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மதுரைக்கும் கிழக்குக் கடற்கரைக்கும் நடுவே இருக்கிற உங்கள் மண்ணில் அந்தக் காலத்து வியாபாரி யாரும் நடந்திருக்கலாம். அதற்கு முன்னால் எனக்கு இன்னொன்று தெரிய வேண்டும். உங்கள் தோட்டத்து மண் அந்த இடத்து மண்தானா? செட்டிநாட்டில் வீடு கட்டும்போது தரையை உயர்த்த, ஊரணி வெட்டிய மண்ணையும் கண்மாய் மண்ணையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டுவது உண்டு. மூன்றடிக்குக் கீழே செம்மண் இறுகி ஒரே நிறமாக இருக்கிறதா, அல்லது ஓட்டுச்சில்லும் சுண்ணாம்பும் கலந்த நிரவல் மண்ணா? கலயம் முழுசாக இருந்தது என்பதால் அங்கேயே புதைத்தது என்றுதான் நினைக்கிறேன். வண்டியில் வந்த மண்ணில் கலயம் முழுசாக வராது. ஆனாலும் குழியின் பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி, ஒரு அளவுகோலை நிறுத்தி வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.

இனிச் சட்டம். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பென்றால், கண்டெடுத்தவர் முடிந்தவரை சீக்கிரம் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் பத்து ரூபாய் அப்படியே நிற்கிறது பாருங்கள். என்ன கிடைத்தது, எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி, இவ்வளவுதான் மனு. பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது காட்டுவதாகப் பிணை தர வேண்டும். பிறகு கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருபவர்கள் ஆஜராக நாலு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாள் குறிப்பார். நூறு வருடத்துக்குள் புதைத்தது, எங்களுடையது என்று யாராவது வந்தால் விவகாரம் சிவில் கோர்ட்டுக்குப் போகும். அந்த ஸவரன்காரருக்கு அந்த வழி இருந்தது. உங்கள் கலயத்துக்கு அப்படி ஒருவரும் வர முடியாது.

தெரிவிக்காமல் விட்டால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போய்விடும், ஒரு வருடம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. அதற்கு உடந்தையான நிலச் சொந்தக்காரருக்கும் தண்டனை உண்டு. ஒரு மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது. இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் சொல்லிவிட்டு, சிவகங்கை கலெக்டர் பெயருக்கு மனு கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காசின் எடையும் இருபுறப் படமும் மனுவோடு போகட்டும். "43 வெள்ளிக் காசு" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எந்த 43 என்று கேட்க முடியாது.

பங்காளிகள் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. அரசு வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். அப்போது அந்தச் சட்டப்படி கிடைப்பது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். உங்கள் 43 காசும் சேர்ந்து 160 கிராம் வெள்ளி இருக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், இதில் கல்யாணச் செலவு தேறாது. அரசு எடுக்கவில்லை என்றால் உரியவர்களுக்குத் திரும்ப வரும். யார் உரியவர் என்பதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. கண்டெடுத்தவரும் நிலச் சொந்தக்காரரும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்குக் கால் பங்கு. கண்டெடுத்தவர் என்றால் கடப்பாரை பிடித்தவர் என்பதுதான் என் வாசிப்பு. கூலிக்கு வந்தவர்தானே என்று பங்காளிகளில் யாராவது வாதாடினால் ஒரு நல்ல வக்கீலைக் கேளுங்கள். ஆனால் பெரியவர் பெயர் இல்லாமல் மனு எழுதாதீர்கள். அந்தக் கால் பங்கும் உங்கள் ஒருவருக்கு இல்லை, எட்டுப் புள்ளிக்கும் சேர்த்துத்தான். எட்டுப் பேருக்கும் மனுவின் நகல் அனுப்பிவிட்டால் பிற்பாடு யாரும் உங்களைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

பெரியவர் அடுத்த தடவை வரும்போது ஒரு காப்பி கொடுத்து உட்காரவைத்துக் கேளுங்கள். கலயம் நேராக நின்றதா, சாய்ந்து கிடந்ததா? வாய் மூடியிருந்ததா, மேலே கல்லோ ஓடோ இருந்ததா? முதலில் கைக்கு வந்த காசு மேலே இருந்ததா, உடைந்து சரிந்ததா? அவர் சொல்வதைத் திருத்தாமல், அவர் வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.